கம்பளியும் கப்பற் பட்டியலும்

தென்துருவத்துப் பனிக்கடலைப் பார்த்துவருவதற்கென்றே உல்லாசக் கப்பலேறுவோரின் தொகை ஆண்டுக்காண்டு பெருகி வருகிறது. தென்னமெரிக்காவின் கோடியிலுள்ள உசுவாயா துறைமுகத்திற் புறப்பட்டு, கொந்தளிப்புக்குப் பேர்போன டிரேக் நீரிணையை இரண்டு நாளிற் கடந்து, பனிமலைகளையும் பென்குவின் கூட்டங்களையும் கண்டு மீள்கிறார்கள். 1960களில் ஒரு சிறு கூட்டத்தாரோடு தொடங்கிய இப்பிரயாணம் 2022-23ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒரு இலட்சம் பேரைத் தாண்டிவிட்டது. 500 பிரயாணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் எவரையும் கரையிறக்கலாகாது. சிறிய கப்பல்களிலிருந்து இறங்குவோரும் ஓரிடத்தில் ஒரே வேளையில் 100 பேருக்கு மேல் நிற்கலாகாது என்று இத்தொழில் நடத்துவோர் தமக்குள் விதி வகுத்திருக்கின்றனர். பல கப்பல்களில் பிரயாணி ஒவ்வொருவருக்கும் கனத்த மேலங்கி ஒன்று இனாமாகவே கிடைக்கிறது. குளிர் புகாத அறை, கண்ணாடிச் சாளரம், வேளைக்கு வேளை விருந்து. சமையற்கட்டிலும் சலவைக் கூடத்திலும் இயந்திர அறையிலும் நிற்கின்ற ஏழை நாட்டுப் பிள்ளைகளை மட்டும் விளம்பரப் படங்கள் காட்டுவதில்லை.

இத்தகைய படமொன்றை வகுப்பறையில் விரித்து வைத்துக்கொண்டு, ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "சேர், நம்மட ஆளுக யாராச்சும் அந்தக் கடல் பக்கம் போயிருக்காங்களா?"

போயிருக்கிறார்கள். பென்குவினைக் காணவில்லை, சாளரமும் இல்லை. பனிமலைகள் மிதக்கும் எல்லைவரை செல்லவில்லையெனினும், தென்கடலின் குளிரை எலும்புவரை அறிந்தவர்கள் அவர்கள். அந்தக் கதையைச் சொல்லப் புகுந்தால், அது நமுனுகுல மலைச்சாரலில் இருக்கும் நம் லயங்களின் வாசலிலேயே வந்து நிற்கும். நாம் முதலில் இதை எதிர்பார்க்கவில்லை.

பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமை முறை 1834இல் ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு அடிமை போனானேயன்றி அடிமை வேலை போய்விடவில்லை. அவ்வேலைக்கு ஆள் வேண்டும். அந்த ஆளை இந்தியாவில் ஐந்தாண்டு ஒப்பந்தம் எழுதிப் பிடித்தார்கள். 1838 சனவரியில் விட்பி, ஹெஸ்பெரஸ் என்னும் இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து பிரித்தானிய கயானாவுக்குப் புறப்பட்டு மே 5ஆம் திகதி கரை சேர்ந்தன. அவ்வழியிலே பின்னர் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. 1845க்கும் 1862க்கும் இடையில் ஏறத்தாழ 15,000 பேர் சென்னைத் துறையிலிருந்து கயானாவுக்குப் போயினர். பிரெஞ்சுக்காரனும் சும்மா இருக்கவில்லை. ஒரேலி என்ற கப்பல் 1853 மே மாதத்தில் புதுச்சேரிப் பக்கத்து ஆட்களை மார்த்தினிக் தீவிலும், 1854 திசம்பரில் மற்றொரு கூட்டத்தைக் குவாதலூப் தீவிலும் இறக்கியது. அதைத் தொடர்ந்து காரைக்காலிலும் புதுச்சேரியிலும் ஏறிய தமிழர் பல்லாயிரவர். 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேருக்கு மேல் சென்றனர்.

சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. திறந்த பின்னும் பாய்மரக் கப்பலுக்கு அதனாற் பயனில்லை. ஆகவே கரிபியன் தீவுகளுக்குப் போகிறவன் ஆபிரிக்காவின் தென்கோடியைச் சுற்றியே போகவேண்டும். வங்கக்கடலின் வெப்பத்தில் ஒற்றை வேட்டியோடு ஏறியவன், சில வாரங்களில் நன்னம்பிக்கை முனையின் கடுங்காற்றுக்குள் நுழைவான். நமக்குக் கோடையாகிய சூன், சூலை மாதங்கள் அங்கே மாரிக்காலம். அந்த மாதங்களில் முனையைச் சுற்றும் கப்பல்களில் நெஞ்சு நோயாலும் பேதியாலும் செத்து விழுந்தவர்களின் கணக்கு மிஞ்சிப்போகவே, ஏறத்தாழச் செப்டெம்பர் முதல் பெப்ரவரி வரையிலான காலத்திலேயே கப்பல் புறப்படவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. இரக்கத்தினால் வந்ததன்று. செத்தவனுக்குக் கொடுத்த கப்பற் கூலி தோட்ட முதலாளிக்கு நட்டம். 1856-57இல் கல்கத்தாவிலிருந்து கரிபியன் சென்ற கப்பல்களில் நூற்றுக்கு 17 பேர் வழியிலேயே மாண்டனர். 1858இல் திரினிடாட்டுக்குச் சென்ற சால்செட் என்ற கப்பலில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் மாண்டதை, அக்கப்பலின் தலைவன் சுவின்டனும் அவன் மனைவியும் நாட்குறிப்பாக எழுதிவைக்க, அது 1859இல் அச்சாயிற்று. ஆளும் வர்க்கத்தவர் தம் கையாலேயே எழுதிவைத்த சாட்சியம் அது.

கப்பலுள் வாழ்க்கை எவ்வாறிருந்தது? துறைமுகத்துக் கொட்டகையில் சில நாள் அடைத்துவைத்து, மருத்துவர் பார்த்து, இலக்கமிட்ட தகரவில்லை ஒன்றைக் கழுத்திற் கட்டிவிடுவார்கள். அன்று முதல் ஒருவனை அடையாளங் காட்டுவது அந்த இலக்கமே. மேல்தளத்துக்கும் சரக்கறைக்கும் நடுவிலுள்ள இடைத்தளமே அவர்களுக்குரிய இடம். முன்பக்கம் தனியாண்கள், நடுவில் குடும்பங்கள், பின்பக்கம் தனிப்பெண்கள். வளர்ந்த ஆளொருவருக்கு 12 சதுர அடி என்பது சட்டம். நம் வாசகர் தம் வீட்டுத் தரையில் ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் சுண்ணக்கட்டியாற் கோடு கீறிப் பார்க்கலாம். அதற்குள்ளே படுக்கை, பாத்திரம், மூட்டை, மூன்று மாத வாழ்வு. வானம் நன்றாயிருந்தால் மேல்தளத்துக்கு விடுவார்கள். புயலடித்தால் வாய்க்கதவுகளை மூடிவிடுவார்கள்; அப்போது உள்ளே இருட்டும் வாந்தியும் மலமும் அழுகுரலுமாய்க் கிடக்கவேண்டியதுதான்.

பண்டாரி என்பவன் சமைப்பான். தோப்பாசு என்பவன் துப்புரவு செய்வான். சர்தார் என்பவன் தடியோடு மேய்ப்பான். இம்மூவரும் அந்தக் கூட்டத்திலிருந்தே பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். இவர்களுக்கு மேலே கப்பல் மருத்துவன். உயிரோடு கரையிறங்கும் ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று அவனுக்குப் படி. உயிர் காப்பதற்கு இப்படியும் ஒரு விலை வைக்க முதலாளித்துவத்தைத் தவிர வேறெதற்கு வரும்! ஆயினும் நேர்மையாகச் சொல்லவேண்டும்: அந்தப் படியின் பயனாகப் பிற்காலத்துக் கப்பல்களில் சாவு குறையவே செய்தது. அரிசி, பருப்பு, நெய், புளி இவற்றுக்கு அளவு விதிக்கப்பட்டிருந்தது, நோயாளிக்கென ஒரு மூலை இருந்தது, கம்பளி கொடுக்கப்பட்டது. விதி இருந்தால் மீறலைச் சுட்டிக்காட்டவாவது ஓரிடம் கிடைக்கிறது. இந்தச் சிறிய உண்மையைப் பின்னால் நாம் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

ஒரே கொப்பரையில் வெந்த சோற்றை எல்லாச் சாதியாரும் உண்ணவேண்டி வந்ததும் அங்கேதான். முதற்சில நாள் பட்டினி கிடந்தவர்கள் உண்டு. பட்டினி எத்தனை நாளைக்கு? ஊரில் கிணற்றடியிலும் நிழல் படக்கூடாதென்றவன், கடல்நோயில் துவண்டபோது தலையைத் தாங்கிப் பிடித்த கை யாருடையது என்று விசாரிக்கவில்லை. வடநாட்டார் இக்கப்பலுறவை 'ஜஹாஜி பாய்' என்றார்கள்; ஒரே கப்பலில் வந்தவர்கள் உடன்பிறப்பாகி, அவர்தம் பிள்ளைகளுக்குள் மணவுறவும் தவிர்க்கும் அளவுக்கு அது வேரூன்றியது. இதை வைத்துக்கொண்டு கப்பல் சாதியைக் கொன்றுவிட்டது என்று பாட்டுக் கட்டுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. கரையிறங்கியதும் பட்டியலில் சாதியென ஒரு பத்தி இருந்தது. அதை நிரப்பத் துரைமாரும் மறக்கவில்லை, நம்மவரும் மறக்கவில்லை.

நேட்டாலுக்குச் சென்ற முதற் கப்பல் துரூரோ. 1860 ஒக்டோபரில் 342 பேரோடு சென்னையை விட்டு, நவம்பர் 16ஆம் திகதி டர்பன் துறையை அடைந்தது. 1911இல் அப்பாதை மூடப்படும்வரை சென்றவர்கள் 1,52,184 பேர். அவர்களிற் பெரும்பான்மையினர் சென்னையிலிருந்து ஏறியவர்கள். மாதக்கணக்கில் நீளும் கரிபியன் பிரயாணத்தோடு ஒப்பிட்டால் இது ஐந்து வாரத்துப் பிரயாணம்தான்.

தெற்குக் குளிர்கடலின் முழுக் கொடுமையையும் அறிய வேண்டுமானால் பீஜித் தீவுகளுக்குச் சென்ற பாய்மரக் கப்பல்களைப் பார்க்கவேண்டும். 1879 மார்ச்சில் கல்கத்தாவை விட்ட லியோனிடாஸ், மே 14ஆம் திகதி லெவுக்காத் துறையை அடைந்தது. கொலராவும் அம்மையும் கப்பலோடு வந்தன. சராசரி 70 நாளுக்கு மேல் பிடித்த அப்பிரயாணத்தில் கப்பல்கள் நேராகக் கிழக்கே போகவில்லை. வங்கக்கடலைக் கடந்து, நிலநடுக்கோட்டைத் தாண்டி, அவுஸ்திரேலியாவின் மேற்குப் புறமாகத் தெற்கே தெற்கே இறங்கி, நாற்பதாம் அகலக்கோட்டையடுத்து ஓயாமல் வீசும் மேல்காற்றைப் பிடித்து, அக்கண்டத்தின் கீழ்ப்புறத்தைச் சுற்றிப் பின் வடக்கே ஏறவேண்டும். அந்த அகலக்கோடுகளுக்கு மாலுமிகள் 'உறுமும் நாற்பதுகள்' என்று பேரிட்டிருக்கின்றனர். கப்பலுக்கு நல்ல காற்று; கப்பலுள் இருப்பவனுக்கு மரணக் காற்று. கங்கைச் சமவெளியில் பிறந்த உழவன், பனிக்கட்டி என்ற சொல்லையும் கேட்டறியாதவன், கம்பளிச் சட்டைக்குள் சுருண்டு, நனைந்த பலகையில் ஒருவரோடொருவர் ஒட்டிக்கிடந்து அக்கடலைக் கடந்தான். கப்பலுக்குடைய ஜேம்ஸ் நூர்ஸ் என்பவனோ தன் கப்பல்களுக்குக் கங்கை, யமுனை, சிந்து, சட்லெஜ் என்று ஆறுகளின் பெயரைச் சூட்டியிருந்தான். ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்தெடுத்த மனிதரை அதே ஆற்றின் பெயர் தாங்கிய கப்பலிலேற்றி அனுப்பிய வினோதத்தை என்னென்பது! 1884 மே 11ஆம் திகதி இரவு அவனது சிரியா என்ற கப்பல் பீஜிக் கரையோரத்து நசிலாய்ப் பவளப்பாறையில் மோதி உடைந்து 59 உயிர்கள் மாண்டன.

சென்னையிலிருந்து பீஜிக்கு ஆள் சேர்ப்பது 1903இல்தான் தொடங்கியது. அதற்குள் நீராவிக் கப்பல்கள் பாய்மரங்களை ஓரங்கட்டத் தொடங்கிவிட்டன. அவை வெப்பமான வடபாதையால் ஒரு மாதத்தில் போய்ச் சேர்ந்தன. ஆதலின் உறுமும் நாற்பதுகளின் அடியைப் பட்டவர்கள் பெரும்பாலும் வடநாட்டாரே. தமிழர் கண்ட குளிர்கடல் பெரும்பாலும் நன்னம்பிக்கை முனைக்கடலே என்று வரையறுத்துச் சொல்வதே முறை. பீஜியில் இறங்கிய இந்துப் பெண்களின் கண்ணீரைப் பாரதி பாடினான். 1917இல் ஒப்பந்த ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டு, 1920 சனவரி முதலாந் திகதி பீஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன.

இனி நம் கதைக்கு வருவோம்.

இராமேசுவரக் கரைக்கும் மன்னார்க் கரைக்கும் இடையே இருபது மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரமே. ஒரு பகலில் தோணி கடந்துவிடும். இந்தக் குறுகிய நீர்தான் நமக்கு வினையாயிற்று. 1839இல் இந்திய அரசு கடல்கடந்த ஆட்சேர்ப்பைத் தடை செய்தது. பின்னர் ஒவ்வொரு தேசத்துக்கும் ஒவ்வொரு நிபந்தனையோடு அத்தடை தளர்த்தப்பட்டது. ஆனால் இலங்கையைச் சென்னை மாகாணத்தின் நீட்சியைப் போலவே கருதி, 1847ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதை அந்த நிபந்தனைகளிலிருந்து விலக்கிவிட்டார்கள். விளைவு என்ன? நேட்டாலுக்குப் போகிறவனுக்கு 12 சதுர அடி என்று சட்டமிருந்தது. மன்னாருக்கு வருகிறவனுக்கு அளவே இல்லை. அவனுக்கு மருத்துவன் உண்டு, இவனுக்கு இல்லை. அவனுக்குச் சோற்றுக்கு அளவுண்டு, இவனுக்குக் கங்காணி கொடுத்ததே அளவு. அவனை ஒப்பந்தம் கட்டியது. இவனைக் கடன் கட்டியது. இவன் 'சுதந்திரமாக வருபவன்' என்று ஏட்டில் எழுதப்பட்டது. திருச்சி, சேலம், தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளில் நிலமற்றுப் பஞ்சத்தில் வாடியவனுக்கு என்ன சுதந்திரம் இருந்தது என்று கேட்பாரில்லை.

1864இல் ஆதிலட்சுமி என்ற கப்பல் கடலில் மூழ்கி ஏறத்தாழ 120 தொழிலாளர் மாண்டதாக மலையக வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். சிரியாவின் கதைக்கு விசாரணையும் அறிக்கையும் உண்டு. ஆதிலட்சுமியில் மூழ்கியோருக்கு நம் மக்கள் வாய்மொழியாகக் காத்துவந்த நினைவே பெரும் பதிவு.

கடலைத் தாண்டினால் காடு. மன்னாரிலிருந்து மாத்தளைவரை ஏறத்தாழ 150 மைல் கால்நடை. அதன் பின்னும் ஊவாவுக்கு வரவேண்டியவன் மலைமேல் மலையேறவேண்டும். 1840களில் அவ்வழியிலும் தோட்டங்களிலும் மாண்டவர் 70,000 பேர் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. இத்தொகை மிகையென்று வாதிக்கும் ஆராய்ச்சியாளரும் உளர். வாதிக்கலாம், ஆனால் சரியான தொகையைச் சொல்ல அவர்களிடமும் ஏடில்லை. ஏனெனில் எண்ணியவர் எவருமில்லை.

மலைக்கு வந்து சேர்ந்ததும் அவனை எதிர்கொண்டது குளிர். தென்கடலுக்குப் போனவன் குளிரைச் சில வாரம் அனுபவித்துக் கரும்புத் தோட்டத்து வெயிலில் இறங்கிவிட்டான். நம்மவனுக்கோ குளிரே வாசஸ்தலம். மார்கழிப் பனியிலும் மழைக்காற்றிலும் பிரட்டுக் களத்தில் விடியுமுன் நிற்கவேண்டிய அவனுக்குத் தோட்டத்தில் ஒரு கம்பளி கொடுத்தார்கள். இங்கேதான் வாசகர் கவனிக்கவேண்டும். கப்பற் கம்பளி, சட்டத்தின்படி இனாம். தோட்டத்துக் கம்பளியோ கடன் கணக்கில் எழுதப்பட்டது. வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று பற்றெழுதி, சம்பள நாளில் கழித்துக்கொண்டார்கள். குளிருக்குப் போர்த்திய துணியே காலுக்கு விலங்காயிற்று. தலையிற் கம்பளியும் இடையிற் படங்கும் கட்டிக் கொழுந்தெடுக்கும் பெண்ணின் உருவத்தை இன்று நாம் படமாக மாட்டிவைக்கிறோம். அக்கம்பளியின் விலையைத் தீர்க்க எத்தனை றாத்தல் கொழுந்து போயிற்றென்று அந்தப் படம் சொல்வதில்லை.

இந்த ஊவாத் தேயிலையும் ஒரு கப்பலை மிதக்கவிட்டது. கிளாஸ்கோவின் மளிகை வணிகர் தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பக்கத்து டம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். எட்டாண்டுகளுக்குள் ஏரின் என்னும் உல்லாசப் படகு அவருக்குச் சொந்தமாயிற்று. பெயர்தான் படகு, நீராவியில் ஓடும் மாளிகை அது. பிற்காலத்தில் மன்னனான ஏழாம் எட்வர்ட் உட்படப் பிரபுக்களும் சீமாட்டிகளும் அதில் விருந்தாடினார்கள். சாம்ரொக் எனத் தொடர்ந்து ஐந்து பந்தயப் பாய்க்கப்பல்களைக் கட்டி, 1899 முதல் 1930 வரை அமெரிக்கக் கிண்ணத்துக்காகப் போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றார். தோற்பதிலும் புகழ் சம்பாதிக்க அவருக்குக் காசிருந்தது! முதல் உலகப் போரில் ஏரின் கடற்படையினால் எடுத்துக்கொள்ளப்பட்டு, 1916இல் மத்தியதரைக் கடலில் கண்ணிவெடியில் மூழ்கியது. மலையுச்சியில் அவர் அமர்ந்து நாட்டைப் பார்த்தாரென்ற இடம் 'லிப்டன் சீட்' என்னும் பெயரோடு இன்றும் உல்லாசப் பிரயாணிகளை இழுக்கிறது. அவ்விடத்துக்கு ஏறிச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் கொழுந்தெடுப்பவர்களின் மூதாதையர் எந்தத் தோணியில் வந்தார்கள் என்பதற்கு ஒரு பலகையும் இல்லை.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற மூன்று நீராவிக் கப்பல்கள் ஓடத்தொடங்கின. மூன்றும் இந்தியாவை ஆண்ட பிரபுக்களின் பெயர். தோட்டத்துக்கு வருவோர் முதலில் மண்டபம் முகாமில் அடைக்கப்பட்டனர். உடுப்பை அவித்து, உடம்பை நனைத்து, அம்மை குத்தி, நோயில்லையென்று கண்டபின் கப்பலேற்றினார்கள். தோட்டத்துரை கொடுத்த தகரத் துண்டு, ஆளை எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவதென்று காட்டியது. செலவை அத்தோட்டத்தின் கணக்கில் எழுதவும் உதவியது. துண்டில் தோட்டம் இருந்தது. மனிதனின் ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை.

இங்கேயே இரு கப்பற்பாதைகளுக்கும் இடையிலான பெரிய வேற்றுமை வெளிப்படுகிறது. நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும் பீஜிக்கும் சென்றவனை வதைத்தவர்கள், அவனை எழுதியும் வைத்தார்கள். இலக்கம், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, உடலிலுள்ள தழும்பு என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காகவே எழுதினார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிடிப்பதற்காக எழுதிய ஏடே இன்று பேரப்பிள்ளைக்கு ஊர் காட்டுகிறது. மொரீசியசில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அவ்வேடுகள் இருக்கின்றன. பீஜி, கயானா, சுரினாம், திரினிடாட் நாடுகளின் ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்களை யுனெஸ்கோ 2011இல் உலக நினைவேட்டில் சேர்த்தது. டர்பன் நகரத்துத் தமிழர் ஒருவர் வடஆற்காட்டிலோ செங்கற்பட்டிலோ தம் மூதாதையின் கிராமத்தைத் தேடி வந்து வாசற்படியைத் தொட்டுக் கும்பிடும் செய்தி அவ்வப்போது வருகிறது. ஸ்பிரிங்வெளியிலிருந்து எவரும் அப்படிப் போக முடியாது. 'திருச்சிப் பக்கம்' என்பார்கள். அதற்கு மேல் தெரியாது.

ஊர் தெரியாதது மனக்குறை மட்டுமாயிருந்தால் இக்கட்டுரைக்கு அவசியமில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பனாவது, அன்றேல் தகப்பனுக்குத் தகப்பனும் அவனுக்குத் தகப்பனுமாவது இலங்கையிற் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 7 ஆசனங்களைக் கொடுத்த மக்கள் மறு ஆண்டே நாடற்றவராயினர். 1949இல் வந்த இன்னொரு சட்டம், மணமானவருக்கு 7 ஆண்டும் மணமாகாதவருக்கு 10 ஆண்டும் தொடர்ச்சியாக இங்கே வசித்ததை நிரூபித்தால் குடியுரிமை தருவதாகச் சொன்னது. இடையில் 12 மாதத்துக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. தாய் செத்துப் போனாள் என்று அக்கரைக்குப் போனவன், காய்ச்சலில் விழுந்து ஓராண்டு தாண்டித் திரும்பியிருந்தால் போயிற்று. வந்தபோது எழுதாத கப்பல், போனபோது மட்டும் சாட்சியாய் நின்றது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. 1964 வரையில் குடியுரிமை கிடைத்தவர் ஏறத்தாழ 1,34,000 பேர். மலையகத்து இடதுசாரிகளாகிய நாம் கங்காணியையும் துரையையும் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இந்தக் காகிதத்தைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்பது நம் எண்ணம். சுரண்டல் பற்றுச்சீட்டின் உருவில் மட்டும் வருவதில்லை. எழுதாமல் விட்ட பக்கத்தின் உருவிலும் வருகிறது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். அவ்வொப்பந்தத்துக்கு இரு மாதத்துக்குள், 1964 திசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய இராமானுஜம் கப்பலே நம்மவரைச் சுமந்தது. பதுளையிலிருந்து புறப்படும் புகைவண்டியில் ஏறுவோரும் வழியனுப்புவோரும் எழுப்பிய ஓலத்தினால் அவ்வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. தகரப் பெட்டி, அம்மி, கோழிக்கூடு, சாமிப்படம். ஊவாவில் 1924இல் பதுளைவரை போடப்பட்ட அந்த இருப்புப்பாதைக்கு மண் வெட்டியவர்களுள் அவர்களின் பாட்டன்மாரும் இருந்திருப்பர்.

அந்தக் கப்பலுக்கு மட்டும் பட்டியல் இருந்தது. குடும்ப அட்டை என்று ஒன்று கொடுத்து, தலைவன் பெயர், மனைவி, பிள்ளைகள், வயது, இந்தியாவில் எங்கே குடியேற்றுவது என்று குறித்தார்கள். நிழற்படமும் கடவுச்சீட்டும் இருந்தன. ஒன்றரை நூற்றாண்டு அக்கடலைக் கடந்தவர்களை ஒருவர் விடாமல் பெயர் சொல்லி எழுதியது, அவர்களை வெளியேற்றியபோதுதான். போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தெடுத்தனர். மீண்டும் குளிர், மீண்டும் கம்பளி.

1984இல் இனப்போரின் காரணமாக அக்கப்பற் சேவை நின்றது. கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே பல்லாயிரவர் தோட்டங்களில் தங்கிப்போனார்கள். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வமிசாவளியினருக்கும் அவர்தம் வழியினருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிய பின்னரே அவர்களின் நிலை தெளிந்தது. 2023 சூனில் சென்னையிலிருந்து கார்டீலியா என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டுச் சென்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிகள் கப்பலும் தொடங்கியது.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடித்த மறுநாள், கேள்வி கேட்ட மாணவர் தம் அப்பாயியின் தகரப் பெட்டியின் அடியிற் கிடந்ததொரு கடவுச்சீட்டைக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தார். நீலம் வெளுத்த அட்டை. உள்ளே இளம் பெண்ணொருத்தியின் படம். பிறந்த இடம் என்ற வரிக்கு நேரே பதுளை என்று எழுதியிருந்தது. ஏறிய துறைக்கும் இறங்கிய துறைக்கும் முத்திரை குத்தவேண்டிய பக்கங்கள் அனைத்தும் வெறுமையாக இருந்தன. "அப்பாயி போகல்ல சேர், கப்பல் நின்னு போச்சாம்" என்றார் அவர். பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு அதைத் திருப்பிக் கொடுத்தோம்.